நடுவர் பார்க்காத இடத்தில்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இல்லை. கணக்கு ஆசிரியரான நான்தான் விளையாட்டுப் பாடவேளையில் விசிலும் கையுமாக நிற்பேன். சென்ற கல்வியாண்டில் ஒரு மாலை, எட்டாம் வகுப்பு மாணவர்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். பாடிப் போனவன் எதிரணியில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பியதாகச் சொன்னான். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் கூப்பிட்டதால் நான் வேறு பக்கம் திரும்பியிருந்தேன். தொடப்பட்டதாகச் சொல்லப்பட்ட மாணவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். புள்ளி இல்லை என்றேன். ஆட்டம் தொடர்ந்தது.

மணி அடித்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லுப்பா, தொட்டானா இல்லையா?" என்று கேட்டேன்.

"தொட்டான் சார். ஆனா நீங்க விசில் ஊதலையே?"

அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. பொய் சொன்னதாகவே அவன் நினைக்கவில்லை. கண்டுபிடிப்பது என் வேலை, ஆடுவது அவன் வேலை. எங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதுபோல் பேசினான். யோசித்துப் பார்த்தால், தேர்வறையில் நாம் கண்காணிப்பாளராக நடந்துகொண்டே இருப்பதும் அதே ஒப்பந்தத்தின்படிதான்.

நடுவரே இல்லாமல், ஆடுபவரே தன் தவறைச் சொல்லித் தண்டனையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டு ஏதாவது உண்டா என்று தேடத் தொடங்கினேன். அப்படித்தான் கோல்ஃப் பக்கம் போனேன். அதுவரை கோல்ஃப் என்றால் எனக்குத் திரைப்படங்களில் பணக்கார மாமனார்கள் ஆடும் ஆட்டம், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புல்வெளியில் 18 குழிகள். தொடக்க இடத்திலிருந்து ஒவ்வொரு குழிக்குள்ளும் மட்டையால் பந்தைச் சேர்க்க வேண்டும். ஒருமுறை அடித்தால் ஓர் அடி. மொத்தத்தில் குறைவான அடிகளில் முடித்தவர் வெற்றியாளர். தொழில்முறைப் போட்டிகள் பெரும்பாலும் நான்கு நாள், அதாவது 72 குழிகள். விதியை மீறினால் தண்டனையும் அடிகளாகவே கூடும். நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் இருவர், மூவராகப் பல கிலோமீட்டர் பரப்பில் சிதறி ஆடுகிறார்கள். விதி அலுவலர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பந்தின் பக்கத்திலும் ஒருவர் நிற்க முடியாது. பெரும்பாலும் வீரர் கூப்பிட்டால்தான் வருவார்கள். புதருக்குள் பந்து கிடக்கும்போது அங்கே இருப்பவர் வீரர் மட்டும்தான்.

இந்த ஆட்டத்துக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துவடிவ விதிகள் 1744-இல் எடின்பரோவுக்கு அருகே லீத் என்ற இடத்தில் வகுக்கப்பட்டவை. மொத்தம் 13. இன்றைய விதிகளை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து வெளியிடுகின்றன. 2019-இல் அவற்றை 34-லிருந்து 24 ஆகக் குறைத்தார்கள். அதில் முதல் விதியே, வீரர் நேர்மையாக நடக்க வேண்டும், தனக்குரிய தண்டனையைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் நன்னடத்தை என்பது சுவரில் எழுதும் வாசகம். அங்கே அது விதிப் புத்தகத்தின் முதல் பக்கம்.

இனி நடந்த கதைகள். 1925-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் அமெரிக்க ஓப்பன் போட்டி. பாபி ஜோன்ஸுக்கு அப்போது வயது 23. பணத்துக்கு ஆடாதவர். ஆனால் அக்காலத் தொழில்முறை வீரர்களையெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தவர். முதல் சுற்றில் 11-ஆவது குழி. உயர்ந்த புல்லில் கிடந்த பந்தை அடிக்கத் தயாராகி நின்றபோது பந்து சற்றே நகர்ந்துவிட்டது. அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே சொன்னார். அலுவலர்கள் விசாரித்துவிட்டு, எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, முடிவை உங்களிடமே விடுகிறோம் என்றார்கள். அவர் ஓர் அடியைத் தன் கணக்கில் கூட்டிக்கொண்டார்.

நான்கு சுற்றுகள் முடிந்தபோது ஜோன்ஸும் வில்லி மக்ஃபார்லேன் என்ற தொழில்முறை வீரரும் சமநிலை. முடிவு காண இன்னும் 18 குழிகள் ஆடினார்கள். மறுபடியும் சமநிலை. மேலும் 18 குழிகள். அதில் ஜோன்ஸ் ஒரே ஓர் அடியில் தோற்றார். முதல் நாள் அந்த ஓர் அடியைச் சேர்க்காமல் விட்டிருந்தால் கூடுதல் ஆட்டத்துக்கே வேலை இருந்திருக்காது. கோப்பை அவருடையது. பிறகு பலரும் பாராட்டியபோது, வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் எரிச்சலோடு பதில் சொன்னதாகக் கூறப்படுகிறது.

இந்தப் பதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு காரியம். மாதத் தேர்வில் மூன்று மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு மாணவன் விடைத்தாளைத் திருப்பிக் கொண்டுவந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பையே எழுந்து நின்று கைதட்டச் சொன்னேன். மதிப்பெண்ணையும் குறைக்காமல், "இது உன் நேர்மைக்கு" என்று அவனுக்கே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் மூன்று பேர் அதேபோல் வந்தார்கள். அதில் ஒரு தாளில் கூட்டுத்தொகை திருத்தப்பட்டிருந்தது. மை வேறு. கையெழுத்து என்னுடையது இல்லை. கைதட்டலுக்காக அவனே கூட்டிப் போட்டு, அவனே கொண்டுவந்து காட்டியிருக்கிறான்! திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்துவைத்தவன் நான்தான்.

தன் தவறைச் சொன்னவருக்கு கோல்ஃப் சலுகை தருவதில்லை. அடி கூடத்தான் செய்யும். 2010-இல் தென் கரோலைனாவின் ஹில்டன் ஹெட் தீவில் நடந்த போட்டியில் இதைக் கண்ணால் காணலாம். இங்கிலாந்து வீரர் பிரையன் டேவிஸ் அதுவரை அமெரிக்கத் தொடரில் ஒரு பட்டம்கூட வென்றதில்லை. ஜிம் ஃபியூரிக்குடன் சமநிலையில் முடித்து, கூடுதல் குழி ஆடிக்கொண்டிருந்தார். பந்து கரையோரத் தடைப்பகுதிக்குள் போய் விழுந்தது. அடிப்பதற்காக மட்டையைப் பின்னால் எடுத்தபோது கீழே கிடந்த ஒரு காய்ந்த நாணல் தண்டை அது உரசிவிட்டது. அன்றைய விதிப்படி அது தவறு. உடனே விதி அலுவலரைக் கூப்பிட்டு அவரே சொன்னார். தொலைக்காட்சிப் பதிவை மிக மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது தெரிந்தது. இரண்டு அடி தண்டனை. ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதல் பரிசு 10,26,000 டாலர், இரண்டாம் பரிசு 6,15,600 டாலர். வித்தியாசம் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய். ஒரு நாணல் தண்டு!

இதை வகுப்பில் சொன்னபோது முன்வரிசையில் ஒரு மாணவி, "அப்ப அவருக்கு அந்த ரூல் தெரிஞ்சிருந்திச்சில்ல சார்?" என்றாள். நான் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு. விதி தெரியாதவருக்கு அந்த நாணல் தண்டு வெறும் தண்டுதான். உரசியதைக்கூட அவர் கவனித்திருக்க மாட்டார். சொல்லியிருக்கவும் மாட்டார். அவரைப் பொய்யர் என்றும் சொல்ல முடியாது. நேர்மையாக இருப்பதற்கே விதி தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

அவள் கேள்விக்குப் பொருத்தமானது 2012-இல் நடந்த ஒன்று. பிளெய்ன் பார்பர் என்ற இளைஞர் தொழில்முறைத் தொடருக்கான தகுதித் தேர்வின் முதல் கட்டத்தில் ஜார்ஜியா மாநிலத்தில் ஆடிக்கொண்டிருந்தார். மணற்பள்ளத்தில் மட்டை ஓர் இலையை உரசியதாக அவருக்குத் தோன்றியது. மட்டைப் பையைச் சுமந்து உடன் வந்த அவருடைய சகோதரர், இலை அசையவே இல்லை என்றார். ஆனாலும் பார்பர் தனக்கு ஓர் அடி தண்டனை போட்டுக்கொண்டார். தவறு அங்கேதான். அந்த மீறலுக்கு உரிய தண்டனை இரண்டு அடி. கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே அது அவருக்குத் தெரியவந்தது. அந்த இன்னோர் அடியைச் சேர்த்தாலும் அவர் தேறியிருப்பார். ஆனால் உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைவாகக் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம் என்பது விதி. சில நாள் மனப் போராட்டத்துக்குப் பிறகு அவரே அமைப்பாளர்களிடம் சொல்லி வெளியேறினார். பிறகு வேறு வழியில் ஆடி முன்னேறி, 2014-இல் முதன்மைத் தொடருக்குத் தகுதி பெற்றார்.

பார்பரின் நேர்மையில் குறை சொல்ல முடியுமா? ஆனால் விதிப் புத்தகத்தின் ஒரு வரி அவருக்குச் சரியாக நினைவிருந்திருந்தால் அந்த வாரமே அவர் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பார்.

விதியைப் படிக்காததற்கு இதைவிடப் பெரிய விலை கொடுத்தவர் டஸ்டின் ஜான்சன். 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப், விஸ்கான்சினின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானம். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்பள்ளங்கள். பார்வையாளர்கள் மிதித்து நடக்கும் இடத்தில் இருந்தாலும் அவை அனைத்தும் மணற்பள்ளங்களாகவே கருதப்படும் என்ற உள்ளூர் விதியை வீரர்கள் உடைமாற்றும் அறையில் ஒட்டியிருந்தார்கள். கடைசிக் குழியில், கூட்டத்துக்கு நடுவே இருந்த அப்படிப்பட்ட இடத்தில், வெறும் மண் என்று நினைத்து அடிப்பதற்கு முன் மட்டையைத் தரையில் ஊன்றிவிட்டார். இரண்டு அடி தண்டனை. கோப்பைக்கான கூடுதல் ஆட்டத்தில் இடம் இல்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கும் படிக்கவைப்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியாததா?

விதி தெரிந்தால் தண்டனையிலிருந்து தப்பிக்கலாம் என்பதோடு முடியவில்லை. அது கைகொடுக்கவும் செய்யும். 2017-இல் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேலில் நடந்த ஓப்பன் போட்டியின் கடைசி நாள், முன்னணியில் இருந்த ஜோர்டன் ஸ்பீத் 13-ஆவது குழியில் பந்தை வெகு தொலைவு வலப்பக்கம் அடித்துவிட்டார். மணல்மேட்டின் புதரில், அடிக்கவே முடியாத இடம். அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் அடி தண்டனையை ஏற்றுக்கொண்டால், குழிக்கும் பந்துக்கும் நேர்கோடு இழுத்து, அந்தக் கோட்டில் எவ்வளவு பின்னால் வேண்டுமானாலும் போய்ப் பந்தை வைத்து ஆடலாம். கோட்டைப் பின்னால் நீட்டினால் அது பயிற்சி மைதானத்தில் போய் முடிகிறது. அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, இருபது நிமிடத்துக்கும் மேல் எடுத்து, அங்கிருந்து அடித்தார். அந்தக் குழியில் ஓர் அடி மட்டுமே இழந்தார். போட்டியை மூன்று அடி வித்தியாசத்தில் வென்றார். கணக்கு ஆசிரியன் என்பதால் இந்த நேர்கோட்டுக் கதை எனக்குத் தனிப் பிரியம். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன்.

இப்போது நான் மிகவும் யோசித்த கதைக்கு வருகிறேன். கோல்ஃபில் ஒருவரின் அடிக் கணக்கை அவரே எழுதுவதில்லை. கூட ஆடுபவர் எழுதுவார். ஆட்டம் முடிந்ததும் வீரர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். 1968 ஏப்ரல் 14, ஜார்ஜியாவின் அகஸ்டா மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள். அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-ஆவது பிறந்தநாள். முதல் குழியையே இரண்டே அடியில் முடித்தார். அந்த நாளை 65 அடிகளில் நிறைவுசெய்து, மொத்தம் 277. பாப் கோல்பியும் 277. மறுநாள் இருவரும் மோத வேண்டும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

17-ஆவது குழியை டி விசென்சோ 3 அடிகளில் முடித்ததை மைதானத்தில் இருந்தவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் கண்டார்கள். கூட ஆடிய டாமி ஆரன் அட்டையில் 4 என்று எழுதிவிட்டார். கடைசிக் குழியில் ஓர் அடி வீணான வருத்தத்தில் இருந்த டி விசென்சோ சரியாகப் பார்க்காமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். உண்மையைவிட அதிகமாகக் கையெழுத்திட்டால் அந்த அதிக எண்ணிக்கையே நிற்கும். 65 என்பது 66 ஆனது. கோல்பி வெற்றியாளர் ஆனார்.

அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டியவர்கள், அகஸ்டா மன்றத்தை நிறுவியவர்களில் ஒருவரும் அப்போது கடும் நோயில் இருந்தவருமான ஒரு முதியவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் 1925-இல் தன் பந்து நகர்ந்ததைத் தானே சொன்ன அதே பாபி ஜோன்ஸ். விதி விதிதான் என்றே முடிவானது. டி விசென்சோ ஆரனைக் குற்றம் சொல்லவில்லை, விதியையும் சொல்லவில்லை. நான் எவ்வளவு முட்டாள் என்று தன்னையே நொந்துகொண்டார். 1970-இல் விளையாட்டுப் பண்புக்காக அமெரிக்க கோல்ஃப் சங்கம் தரும் பாப் ஜோன்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. இதில் ஒரு பின்கதையும் உண்டு. 1973-இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றவர் டாமி ஆரன். அந்தக் கடைசிச் சுற்றில் கூட ஆடியவர் ஆரனின் அட்டையில் ஓர் அடியைக் கூடுதலாக எழுதிவிட்டார். ஆரன் கையெழுத்திடுவதற்கு முன் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்!

கோல்ஃப் வீரர்கள் எல்லோரும் அரிச்சந்திரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒளிப்பதிவுக் கருவியில் சிக்கித் தண்டனை பெற்றவர்களும் உண்டு. வேறொன்றையும் மாணவர்களிடம் மறைக்கவில்லை. இவ்வளவு நேர்மை பேசிய அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற பிரிவை 1961 வரை தன் சட்டத்திலேயே வைத்திருந்தது. மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் கறுப்பின வீரராக லீ எல்டர் ஆடியது 1975-இல்தான். அகஸ்டா மன்றத்தில் பெண்கள் முதன்முதலாக உறுப்பினரானது 2012-இல். மைதானத்துக்குள் விதியை அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர்கள், வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பார்க்கவில்லை. விதி எழுதப்பட்டுவிட்டதாலேயே அது நியாயம் ஆகிவிடாது. ஆடுகள விதிகளும் மாறிக்கொண்டேதான் வருகின்றன. டேவிஸைத் தோற்கடித்த நாணல் தண்டும், பார்பரை வெளியேற்றிய இலையும் 2019-க்குப் பிறகு தண்டனைக்குரியவை அல்ல. தண்டனை இருப்பதே தெரியாமல் கையெழுத்திட்டவரைத் தகுதி நீக்கம் செய்யும் வழக்கமும் 2016-இல் தளர்த்தப்பட்டது.

இதையெல்லாம் வைத்து என் வகுப்பில் ஒரு முயற்சி செய்தேன். 25 மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு. விடைக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பக்கத்தில் இருப்பவர் திருத்திக் கூட்ட வேண்டும். தாளுக்கு உரியவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். விதிகளை மாணவர்களோடு சேர்ந்தே எழுதினேன். எல்லோரும் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டார்கள். கையெழுத்திட்ட பிறகு மாற்றம் இல்லை என்பது நான்காவது விதி. அதை முன்மொழிந்தவர்கள் அவர்கள்தான். டி விசென்சோ கதையின் வேகம் அது.

முதல் தேர்விலேயே சிக்கல். 19 எடுத்திருந்த ஒரு மாணவியின் தாளில் தோழி 16 என்று கூட்டியிருந்தாள். அவள் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டாள். நான் கண்டுபிடித்துச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. "பரவாயில்ல, மாத்திக்கலாம்மா" என்றேன். "கையெழுத்துப் போட்டுட்டேனே சார்" என்று அவளே மறுத்தாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து பேசியது. மதிப்பெண் பதிவேடு என்பது அந்தக் குழந்தைக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டும் ஆவணம், அதில் பொய் எண் இருக்கக் கூடாது என்று சொல்லி, பதிவேட்டில் 19 என்று எழுதினேன். எங்கள் பயிற்சி அட்டையில் மட்டும் 16 இருக்கட்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். நான் செய்தது சரியா என்று இப்போதும் எனக்கு முழு நிச்சயம் இல்லை. சக ஆசிரியர் ஒருவர், நீங்களே விதியை மீறினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

மறுநாள் காலை, கபடியில் தலையாட்டி மறுத்த அதே மாணவன் தாளோடு வந்தான். 21 என்று கையெழுத்திட்டிருந்தான். மறுபடி கூட்டிப் பார்த்தால் 18 தான் வருகிறதாம். "சரி, பதிவேட்டில் 18-னு போட்டுக்கறேன்" என்றேன். கைதட்டல் இல்லை. அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. "நம்ம ரூல்படி நான் அவுட்டா சார்?" என்று மட்டும் கேட்டான். உண்மையில் அந்த இடத்தை நாங்கள் விதியாக எழுதவே இல்லை. கோல்ஃப் விதிப்படி என்றால் அவுட்தான் என்றேன். "அப்ப அதையும் எழுதிடணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எழுதினோம். நிஜத் தேர்வில் திருத்துவது நான்தான். இந்த விதிகள் எங்கள் பயிற்சித் தேர்வுக்கு மட்டும். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை திருத்தியாகிவிட்டது. அரை மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுவது என்பதற்கு ஒரு விதி வந்தது. விடை சரியா தவறா என்ற ஐயம் வந்தால் கையெழுத்துக்கு முன்பே என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று ஒன்று வந்தது. ஸ்பீத் அலுவலரைக் கேட்டது மாதிரி. இப்போது யாரும் பார்க்காமல் கையெழுத்திடுவதில்லை. இரண்டு முறை கூட்டுகிறார்கள். கணக்கு ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஒரு விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை. தவறாகக் கூட்டிய பக்கத்து மாணவருக்கு என்ன தண்டனை? 1968-இல் ஆரனுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. எங்கள் வகுப்பில் பெரும்பான்மையினர் ஒரு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்கிறார்கள். 16 என்று கூட்டிய அந்தத் தோழியும் அதற்கே கை தூக்கினாள். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த தேர்வு வெள்ளிக்கிழமை. அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.